சனிக்கிழமைக்குள் தேயும் சத்தம்

படப்பை மெக்கானிக் ஷெட்டில் அந்த சைலன்சரை மாட்டி முதல் தடவை ஆக்ஸிலரேட்டரைத் திருகியபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. சிரிக்காதீர்கள். பிரஸ் ஷாப்பில் வேலை பார்க்கிறவனுக்குத்தான் அது புரியும். ஷிப்டு முழுக்கத் தகட்டின் மேல் டை என்கிற இரும்பு அச்சு விழுந்துகொண்டே இருக்கும். அது கம்பெனியின் சத்தம், யாரோ வாங்கப்போகிற காரின் சத்தம். இது என் சத்தம். என்னுடையது பழைய கார்புரேட்டர் வண்டிதான். ஆனால் அன்றைக்குத் திருகினால் அடிவயிற்றில் இறங்கியது, விட்டால் சடசடவென்று வெடித்து ஓய்ந்தது. பிக்கப்பும் கூடியிருந்தது. ஆனாலும் நான் ஆசைப்பட்டது அந்தக் கடைசிச் சடசடப்புக்குத்தான்.

அப்போது என் மனைவி பிரசவத்துக்காகத் தென்காசிப் பக்கம் அவள் அம்மா வீட்டில் இருந்தாள். பிள்ளைப்பாக்கத்தில் ஒரு மாடி ரூமில் நானும் என் ஊர்க்காரன் ஒருவனும் இருந்தோம். அவனும் அதே பிரஸ் ஷாப்தான். கீழே பின்பக்கத்து போர்ஷன் காலியாகப் போகிறது, குடும்பம் வந்தால் உனக்குத்தான் என்று வீட்டுக்கார அக்கா வாக்குக் கொடுத்திருந்தார். அந்தப் பக்கத்தில் குடும்பத்துக்கு வீடு கிடைப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. அது கிடைத்தால்தான் பிள்ளை என்னோடு வளரும். இல்லாவிட்டால் அது அங்கே வளரும், நான் இங்கே செல்போனில் பார்த்துக்கொண்டிருப்பேன். எங்கள் லைனில் பாதிப் பேருக்கு அப்படித்தான். எனக்கு அது மட்டும் நடக்கக் கூடாது என்று இருந்தேன்.

சைலன்சர் புதிது இல்லை. அடிபட்ட வண்டிகளைப் பிரித்து விற்கிற ஒரு பழைய சாமான் கடையிலிருந்து மெக்கானிக் எடுத்து வந்தது. ஒரு பக்கம் முழுக்க ரோட்டில் தேய்ந்த கீறல். அவர் எதையும் மறைக்கவில்லை. ஓட்டினவன் போய்விட்டான், பைப் நன்றாகத்தான் இருக்கிறது என்று சொல்லித்தான் மாட்டினார். எனக்கும் அப்போது ஒன்றும் தோன்றவில்லை. ஊர்க்காரன்தான் பார்த்ததும் முகம் சுளித்தான். கீறலைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை லுங்கியில் துடைத்துக்கொண்டான். பிள்ளை பிறக்கப்போகிற நேரத்தில் செத்தவன் சாமான் எதற்கு என்று கேட்டான். உன் வேலையைப் பார் என்று நான் சள்ளென்று விழுந்தேன்.

அந்த வாரம் முடிவதற்குள் சத்தம் தேய ஆரம்பித்தது.

முதலில் போனது அந்தச் சடசடப்பு. பிறகு மொத்தச் சத்தமும் ஏதோ துணியைச் சுற்றின மாதிரி மந்தமாகிவிட்டது. ஹெல்மெட்டைக் கழற்றிப் பார்த்தேன், அப்போதும் அப்படித்தான். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. முழுநாளும் படுத்துக்கிடந்துவிட்டு சாயந்தரம் பால் வாங்க வண்டியை எடுத்தால் முதல் நாள் மாதிரியே கர்ஜித்தது. எனக்குப் புரியவில்லை. திங்கட்கிழமை கொஞ்சம் குறைந்தது. செவ்வாய், புதன் என்று குறைந்து, சனிக்கிழமை மறுபடியும் துணி சுற்றிய மாதிரி ஆனது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை திரும்பி வந்தது. நல்ல நாளில் வந்து வேலை நாளில் போகிற சத்தத்தை நான் அதுவரை கேள்விப்பட்டதில்லை.

மெக்கானிக்கிடம் போய் நின்றேன். உள்ளே இருக்கிற கண்ணாடிப் பஞ்சு அடைத்திருக்கும் என்று பிரித்து மாற்றினார். பலன் இல்லை. சைலன்சர் வாயில் சத்தத்தை அடக்குவதற்கென்று ஒரு சின்னக் குழாய் இருக்கும், அதையும் உருவி எறிந்தார். அதற்கும் பலன் இல்லை. ஒரு சனிக்கிழமை ஷிப்டு முடிந்து நேராக அவரிடம் போய், என்ன சாமானைத் தலையில் கட்டினீர்கள் என்று ஏசினேன். அவர் வண்டியை ஸ்டார்ட் செய்து முழுசாகத் திருகினார். திருகும்போதே முகத்தை ஒரு பக்கம் திருப்பிக் கண்ணை இடுக்கிக்கொண்டார். பக்கத்து பேக்கரிக்காரர் வெளியே வந்து கையை ஆட்டி ஏதோ திட்டினார். பாருங்கள், ஒன்றுமே இல்லை, செத்துக் கிடக்கிறது என்று நான் சொன்னேன். மெக்கானிக் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"தம்பி, இதுக்கு மேல தொறக்கறதுக்கு இன்னா கீது? வெறும் பைப்புதான் மிச்சம்" என்றார்.

எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. அவரும் பேக்கரிக்காரரும் சேர்ந்துகொண்டு என்னைக் கிறுக்கன் ஆக்குவதாகத்தான் நினைத்தேன்.

அதன்பிறகு நடந்தது வேறு மாதிரி. ஒருநாள் காலை ஷிப்டு முடிந்து ஏரிக்கரை ரோட்டில் வந்துகொண்டிருந்தேன். நல்ல வெயில். தூரத்தில் தண்ணீரில் நின்ற கொக்குகள் மொத்தமாக எழும்பின. நான் இன்னும் கிட்டேகூடப் போகவில்லை. கொஞ்சம் தள்ளி ஆடுகள் சிதறி ஓடின. மேய்த்துக்கொண்டிருந்த ஆள் எழுந்து நின்று என் பக்கம் பார்த்தார். எதிரே சைக்கிளில் வந்த பெண் பிள்ளை இறங்கி, சைக்கிளை இடுப்பில் சாய்த்துக்கொண்டு இரண்டு காதையும் பொத்தியது. டீக்கடையில் இருந்த அத்தனை பேரும் ஒரே நேரத்தில் பேச்சை நிறுத்தித் திரும்பினார்கள். எனக்கோ வண்டி முனகிக்கொண்டுதான் இருந்தது. எனக்குப் பின்னால் வருகிற எதையோ பார்த்துத்தான் எல்லோரும் இப்படிச் செய்கிறார்கள் என்று தோன்றியது. வண்டியை நிறுத்தித் திரும்பிப் பார்த்தேன். ரோடு காலியாக இருந்தது.

அன்றிலிருந்து தினமும் அப்படித்தான். நான் வருவதற்கு முன்னால் நாய்கள் தெருவை விட்டு ஓடும். அம்மாக்கள் வாசலில் நிற்கிற குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போவார்கள். என்னை யாரும் திட்டினார்களா என்றுகூட எனக்குத் தெரியாது. வாய் அசையும், முகம் கடுக்கும், நான் கடந்து போய்விடுவேன். எனக்குப் பயமாக இருந்தது, அதை ஒளிக்க எல்லோரிடமும் எரிந்து விழுந்தேன்.

ஊர்க்காரன் தன் கணக்கைச் சொன்னான்: "ஏலே, சத்தம் ஒண்ணும் குறையலலே. அது ஒங்கிட்ட வரல. அவன்ட்ட போவுது."

செத்தவன் தன் வண்டிச் சத்தத்தைத் தானே கேட்டுக்கொண்டிருக்கிறான், ஓட்டுகிற எனக்கு மிச்சம்தான் வருகிறது என்பது அவன் விளக்கம். ஞாயிற்றுக்கிழமை ஏன் திரும்பக் கிடைக்கிறது என்று கேட்டேன். அவனுக்கும் லீவு இருக்காதா என்றான். நான் சிரித்தேன். ஆனால் அன்றைக்கு வண்டியைத் தொட மனசில்லாமல் கம்பெனி பஸ்ஸில் போனேன்.

பிள்ளை பிறந்த சேதி வந்தது. பெண். பத்து நாள்போல லீவு எழுதிக் கொடுத்துவிட்டு ஊருக்குப் போனேன். திரும்பி வந்து வண்டியை உதைத்தால், அம்மாடி, அந்தச் சடசடப்பு பழையபடி அப்படியே இருந்தது. ஆசையாக இரண்டு தெரு சுற்றினேன். வேலைக்குப் போக ஆரம்பித்ததும் பழைய கதைதான், தேய்ந்துவிட்டது. நான் ஊரில் இல்லாதபோது அவனும் போய்விட்டு, நான் வந்ததும் கூடவே வந்துவிட்டான் என்று ஊர்க்காரன் சொன்னதை இந்தத் தடவை என்னால் சிரித்துத் தள்ள முடியவில்லை.

அந்த வாரம் வீட்டுக்கார அக்கா என்னை வாசல் கேட்டில் நிறுத்தினார். அவர்கள் அந்த ஊரிலேயே விவசாயம் பார்த்த குடும்பம், அவர் மகனும் கம்பெனி வேலைதான். நல்ல மனுஷி. ஆனால் அன்று முகத்தில் சிரிப்பு இல்லை.

"தம்பி, வண்டி வர்ற சத்தத்துல வூட்டு ஜன்னல்லாம் அதுருது. இத்த மாத்தாம பொண்டாட்டி புள்ளய இங்க இட்டாராத. கைக்கொழந்த தாங்காதுபா" என்றார்.

ஜன்னல் அதிர்கிறதாம். எனக்குக் கேட்காத சத்தத்தில் இவர் வீட்டு ஜன்னல் அதிர்கிறதாம். கோபம் தலைக்கேறியது. ஆனால் போர்ஷன் அவர் கையில் இருக்கிறது. பல்லைக் கடித்துக்கொண்டு சரிக்கா என்றேன்.

பைப்பைக் கழற்றத்தான் மெக்கானிக்கிடம் போனேன். கழற்றிக்கொண்டே அவர் தானாக ஒன்று சொன்னார். பழைய சாமான் கடையில் விசாரித்தாராம். அந்த ஆளும் எங்கேயோ பிரஸ் ஷாப்பில் வேலை பார்த்தவன்தானாம். ஒரகடம் பக்கம் போகும்போது பின்னால் டிரெய்லர் லாரி.

"ஆரன் அட்ச்சிகினே வந்துருக்கான். இவன் நகரவே இல்லியாம். அவ்ளோ பெரிய ஆரனு, திரும்பிக்கூட பாக்கலியாம்."

சொந்த சைலன்சர் சத்தத்தில் ஹார்ன் அமுங்கிப் போயிருக்கும் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்களாம். இந்தப் பைப் அவனையும் இப்படித்தான் செய்திருக்கிறது, சத்தத்தைத் தின்றே ஆளைக் கொன்றிருக்கிறது என்று முடிவே கட்டிவிட்டேன். நல்லவேளை, பிள்ளை வருவதற்குள் கழற்றினோம் என்று குலதெய்வத்தை வேண்டிக்கொண்டேன். பிரஸ் என்ற ஒரு வார்த்தையை மட்டும் நான் கவனிக்கவே இல்லை.

பழைய கம்பெனி சைலன்சரை மாட்டி முடித்ததும் கையைத் துடைத்துவிட்டு செல்ப் பட்டனை அழுத்தினேன். மெக்கானிக் துள்ளி வந்து என் கையைத் தட்டிவிட்டார்.

"வண்டி ஓடிகினுதான கீது! மறுபடி எதுக்கு அமுக்கற?"

ஓடுகிற வண்டியில் செல்ப் அடித்தால் உள்ளே கியர்ப் பல்லோடு பல் உரசிக் கிறீச்சிடும். ஷெட்டில் இருந்தவர்கள் எல்லாம் பல் கூசிப்போய் நின்றார்கள். எனக்கு ஒன்றுமே கேட்கவில்லை. ரோட்டில் ஒரே லாரிச் சத்தம், அதான் என்று சொல்லிவிட்டு வெட்கத்தோடு கிளம்பினேன். அந்தப் பைப்பை அவர் அதற்கப்புறம் வேறு யாருக்கோ மாட்டிக் கொடுத்துவிட்டார்.

பிள்ளைக்குக் கழுத்து நின்றதும் மனைவி வந்து சேர்ந்தாள். அக்கா சொன்ன சொல் தவறவில்லை, போர்ஷனைக் கழுவிவிட்டு வாசலில் கோலம் போட்டு வைத்திருந்தார். அந்த நாட்கள் எனக்கு அவ்வளவு சந்தோஷம். பேயும் கிடையாது, பைப்பும் கிடையாது. பிள்ளை நல்ல பிள்ளை, அழவே அழாது என்று எல்லோரிடமும் பீற்றிக்கொள்வேன். அக்கா ஒருமுறை அதைக் கேட்டுவிட்டு என் மனைவியைப் பார்த்தார். மனைவி பிள்ளையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டாள். அவள் என்னிடம் ஒரே ஒரு விஷயம் மட்டும் கேட்டிருந்தாள், பேசும்போது ஏன் எப்போதும் வாயையே பார்க்கிறீர்கள் என்று. அழகாக இருக்கிறது, பார்க்கிறேன் என்றேன். அவள் வெட்கப்பட்டாள்.

ஒருநாள் சாயந்தரம் அவள் ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். பிள்ளையை எனக்குப் பின்னால் பாயில் படுக்கவைத்துவிட்டு, வாசல்படியில் உட்கார்ந்து வண்டிச் செயினுக்கு கிரீஸ் தடவிக்கொண்டிருந்தேன். அமைதியான சாயந்தரம். எனக்கு மனசு நிறைவாக இருந்தது. திடீரென்று மாடிப்படியில் அக்கா ஓடிவந்தார். தலைமுடி அவிழ்ந்து கிடந்தது. என்னைத் தள்ளாத குறையாகத் தாண்டி உள்ளே போனார். என்ன இந்தம்மா என்று திரும்பினேன்.

அக்கா கையில் என் பிள்ளை. முகம் ரத்தமாகச் சிவந்து, உதடு நீலம் பாரித்து, வாய் முழுசாகத் திறந்திருந்தது. நாக்கு துடித்தது. கட்டெறும்பு கழுத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. பிள்ளை வீறிட்டுக்கொண்டிருக்கிறது என்று கண்ணுக்குத் தெரிந்தது. காதுக்கு எங்கேயோ நாலு வீடு தள்ளி ஒரு பூனை கத்துவதுபோல் ஏதோ வந்தது, அதுகூட வாயைப் பார்த்த பிறகுதான்.

"எவ்ளோ நேரமா அழுவுது. மாடிக்குக் கேக்குதுபா. உனுக்குக் கேக்கலியா?" என்றார் அக்கா. திட்டவில்லை. அதுதான் என்னை உடைத்தது.

எனக்கு அந்த இடத்தில் எல்லாம் விளங்கிவிட்டது. பிரஸ் ஷாப்பில் நாங்கள் யாரும் வாயால் பேசிக்கொள்வதில்லை. பேசினால் கேட்காது. இரண்டு விரலை நீட்டினால் டீ, உள்ளங்கையைக் கவிழ்த்தால் டை மாற்று, கழுத்தைத் தடவினால் சூப்பர்வைசர் வருகிறார். மிச்சத்தை உதட்டைப் பார்த்தே தெரிந்துகொள்வோம். பழகிவிட்டால் அதில் ஒரு கெத்து. ரூமிலும் நானும் ஊர்க்காரனும் பாதி அப்படித்தான் பேசினோம். மனைவியோடு பேசினதும் வீடியோ காலில்தான். சாதாரண கால் வந்தால் டவர் இல்லை என்று வைத்துவிடுவேன். இயர் பிளக்கும் கம்பெனி கொடுத்தது. அதைக் கயிற்றில் கழுத்தில் தொங்கவிட்டிருப்போம், சேஃப்டி ஆபீசர் ரவுண்டு வரும்போது செருகுவோம். டை விரிசல் விட்டால் அடிக்கிற சத்தத்திலேயே தெரிந்துவிடும், காதை அடைத்தவன் ஆபரேட்டரே இல்லை என்பது எங்கள் பேச்சு. இப்படி ஒரு வாழ்க்கையில் காது போனால் எப்படித் தெரியும்? மனுஷர்கள் எல்லோருக்கும் உதடு இருந்தது. உதடு இல்லாத வண்டியிடம்தான் சத்தம் குறைவது எனக்குத் தெரிந்தது. நான் வண்டியைப் பிரித்தேன்.

வாரம் முழுக்க டை காதை அடித்தது, ஞாயிற்றுக்கிழமை காது கொஞ்சம் தேறியது. பேய் லீவு எடுத்த கதை இவ்வளவுதான். டிரெய்லர் அடித்தவனையும் நினைத்தேன். அவனும் கழற்றிக் கழற்றி மாட்டியிருப்பான். அவனுக்கும் சனிக்கிழமைகளில் கொக்குகள் எழும்பியிருக்கும்.

தாம்பரத்தில் காது டாக்டரிடம் மனைவிதான் இழுத்துக்கொண்டு போனாள். ஊர்க்காரனையும் கூப்பிட்டேன். வேண்டாம், தெரியாமலே இருக்கட்டும் என்று கையாலேயே சைகை காட்டினான். அங்கே ஒரு சின்னக் கண்ணாடி அறை. உள்ளே உட்காரவைத்துக் காதில் ஹெட்போனை மாட்டி, கையில் ஒரு பட்டனைக் கொடுத்தார்கள். சத்தம் கேட்டால் அழுத்த வேண்டும். முதலில் கட்டையாகச் சில சத்தம் வந்தது, அழுத்தினேன். அதற்கப்புறம் நிசப்தம். கதவு சாத்தின அந்த அறையில் என் மூச்சுச் சத்தம்கூட எனக்குக் கேட்கவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அந்தப் பெண் குனிந்து ஏதோ செய்துகொண்டிருந்தாள். மெஷின் கோளாறு போல என்று பொறுமையாக உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து அவள் கதவைத் திறந்தாள். அடுத்தது எப்போது ஆரம்பிப்பீர்கள் என்று கேட்டேன்.

"முடிஞ்சிருச்சு சார்" என்றாள்.

போனது வராது, இருப்பதைக் காப்பாற்றிக்கொள் என்றார் டாக்டர். சண்டை போட்டு, சரக்கு அனுப்புகிற டெஸ்பாட்ச் பிரிவுக்கு மாறிவிட்டேன். காதில் மெஷின் வைக்க அளவெடுத்திருக்கிறார்கள். வீட்டிலும் எல்லோரும் ஜாக்கிரதையாக இருக்கிறோம். மனைவி வெளியே போனால் அக்காவிடம் சொல்லிவிட்டுத்தான் போகிறாள். நானும் பிள்ளையை விட்டுக் கண்ணை எடுப்பதில்லை.

பிள்ளை இப்போது தவழ்கிறாள். போன வாரம் மனைவி ஒன்றைக் கவனித்துச் சொன்னாள். நான் நம்பவில்லை. நடு வீட்டில் உட்கார்ந்து, வேண்டுமென்றே எதிரே ஒரு கண்ணாடியைப் பின்பக்கம் தெரிகிற மாதிரி வைத்துக்கொண்டு பார்த்தேன். பிள்ளை பெஞ்சுக் காலைப் பிடித்து எழும்பப் பார்த்து வழுக்கி, நெற்றியைத் தரையில் இடித்துக்கொண்டாள். நல்ல அடி. உதடு பிதுங்கியது. அழவில்லை. அவள் அம்மா பக்கத்தில் இருந்தால் அந்த இடத்திலேயே அழுது வீட்டைப் பிய்த்திருப்பாள். என்னிடம் அப்படி இல்லை. அழுகையை வாய்க்குள் வைத்துக்கொண்டே என்னைச் சுற்றி முழுசாகத் தவழ்ந்து முன்னால் வந்தாள். என் முழங்காலைப் பிடித்து நிமிர்ந்து, என் கண் தன்மேல் இருக்கிறதா என்று பார்த்தாள். இருந்தது. அதன் பிறகுதான் வாயைத் திறந்தாள்.